பனிக்காலத்தில்தான்

கல்யாணம் பனிக்காலத்தில்தான் என்று மகள் சொன்னதும் கூடத்தில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

அதுவரை ஆளாளுக்கு ஒரு பருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோடை என்றால் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றார் சித்தப்பா. அவருக்குப் பிள்ளைகளே இல்லை. மழை விட்ட கையோடு வைத்தால் போட்டோவில் பச்சைப்பசேலென்று இருக்கும் என்றாள் மாப்பிள்ளையின் அக்கா.

மகள் கேட்டதோ கடும் பனியில். அதுவும் மண்டபத்துக்குள் இல்லை, வெட்டவெளி மைதானத்தில். அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில்.

குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துப் பார்த்து இவளுக்குப் புத்தியே உறைந்துவிட்டது என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளையின் அம்மா தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தார். வயதானவர்கள் வருவார்கள். அத்தனை அலங்காரத்துக்கும் மேலே ஸ்வெட்டரா? மேடையில் நிற்பவர்கள் வெடவெடவென்று நடுங்குவார்களே.

“நடுங்கட்டும் அத்தை. எல்லாரும் நடுங்கட்டும்.”

பெண்ணின் அம்மா மகளை முறைத்தாள். கூடி வந்த சம்பந்தம் கெட்டுப்போகுமோ என்று அவளுக்குப் பயம்.

மகளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. அவள் கண் மூலை நாற்காலியில் இருந்த அப்பாவின் மேலேயே இருந்தது.

எந்தப் பருவமானாலும் தனக்குச் சம்மதம் என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். தான் பந்தியைக் கவனித்துக்கொள்வதாகவும், மேடையேறிப் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கத் தன் தம்பியே போதும் என்றும் சொல்லிவிட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பெற்ற அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருவர் கையைப் பிடித்துக் கொடுப்பதா? மகளுக்கு அது பொறுக்கவில்லை.

அப்பா மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அப்போ எனக்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கணுமே.”

சொல்லிவிட்டுத் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து டீயை எடுத்தார். டம்ளர் ஆடியது. ஆறிப்போன டீ அலம்பி வேட்டியெல்லாம் சிந்தியது.

நிச்சயத்தன்று இதே கை தாம்பூலத் தட்டை நீட்டும்போது ஆடியது. காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் போல என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். நரம்புக் கோளாறு என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

கிடங்கிலிருந்து வெளியே வந்து டீ வாங்கினால் மேனேஜரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோர் கையிலும் டம்ளர் ஆடும். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தினமும் அதைப் பார்க்கிறவள் அவள்.

மாப்பிள்ளையின் அம்மா அந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு மணப்பெண்ணைப் பார்த்தார்.

மைதானத்தில் குளிர்காற்று எந்தப் பக்கம் அதிகமாக அடிக்கும் என்று விசாரித்தார். மேடையை அந்தப் பக்கமே போட்டுவிடலாம் என்றார்.