ஒட்ட வெட்டிய சட்டை

சட்டையைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள் தங்கை. ஒட்ட வெட்டியிருந்தது. பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ள ஒரு விரற்கடைத் துணிகூட இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது.

தையல் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா பார்த்துப் பார்த்துத் துணி விடுவாள். நர்ஸுக்கு இடுப்பில் இரண்டு விரல்; மூன்று வருஷத்தில் சதை போட்டுவிடுவாளாம். டீச்சருக்கு மார்பில் மட்டும். அடுத்த வருஷம் கைக்குழந்தையோடு வந்து நிற்பாளாம்.

அக்கா கண்ணில் தெரிந்தது எதுவும் இதுவரை பிசகியதில்லை.

மாடிப்படி ஏறும்போதே, "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். காஜா எடுத்து எடுத்துக் கண் பூத்துப்போய் உட்கார்ந்திருக்கும் தங்கையை யாரும் கேட்டதில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும், பார்வை ஒருத்திக்கு, பொத்தான் ஒருத்திக்கு.

திங்கட்கிழமை அவள் வேறு ஊரில் வேலைக்குச் சேருகிறாள். அதற்குத்தான் இந்தச் சட்டை.

"கண்டவளுக்கெல்லாம் பத்து வருஷம் தள்ளித் தெரியுது. எனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா? நான் நல்லா இருந்துடுவேன்னு உனக்கு வயித்தெரிச்சல்!"

வயிற்றெரிச்சல் யாருக்கு என்பது இருவருக்குமே தெரியும்.

அக்கா ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள். "பின்னாடி என் கண்ணால பார்க்கப்போறதுதான்டி எனக்கு முன்னாடியே வரும். உன்னையும் தேடித் தேடிப் பார்த்துட்டேன், காணோம்."

"ஆமா, பெரிய இவ!"

சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆறு படி இறங்கியதும் கால் தானாக நின்றது.

நர்ஸ் மறுபடி மறுபடி வருவாள். டீச்சர் குழந்தையோடு வருவாள். இந்தப் படியில் இனி ஏறாதவள் இவள் ஒருத்திதான்.

இப்போதே திரும்பி ஏறினால் போதும். அக்காவின் பார்வை முதன்முறையாகப் பொய்யாகிவிடும். அதை நினைக்கவே இனித்தது.

ஆனால் தானாக எப்படிப் போவது? அவள் கூப்பிடட்டும். 'ஏய்' என்று ஒரு சத்தம் கொடுக்கட்டும், போய்விடலாம்.

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

மேலே தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.