ஒரு பிரதியும் மிச்சமில்லை

மனைவியின் முகம்தான் முதலில் கருகியது. மோவாய் போயிற்று, மூக்கு போயிற்று, கடைசியில் அந்த மூக்குக் கண்ணாடியும் சுருண்டு சாம்பலானது. இடுப்பில் கைவைத்தபடி கவிஞர் அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எரியட்டும்டா தம்பி," என்றாள் அக்கா, அடுத்த கட்டை அவிழ்த்துக்கொண்டே. "கட்டினவன் மானத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவரப் பாத்தாளே!"

கொல்லைப்புறம் முழுக்க மனைவி எழுதிய நாவல் அடுக்கடுக்காகக் கிடந்தது. பின்னட்டையில் அவள் படம், முன்னட்டையில் கொட்டை எழுத்தில் 'வெந்நீர் அடுப்பு'.

பெயரைக் கேட்டதுமே கவிஞருக்கு உள்ளே இருப்பது என்னவென்று விளங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் ஒளித்து ஒளித்து எழுதிவைத்திருந்த நாவலைக் கட்டோடு தூக்கி வெந்நீர் அடுப்பில் போட்டவர் அவர்தான். அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்து, "இன்னிக்குத்தான் உன் எழுத்தால ஒரு பிரயோஜனம். இனிமே உன் எழுத்துல ஒரு வரிகூட என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

 பிறகு அவள் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போனாள். ஒருநாள் வீட்டை விட்டே போனாள். போகும்போது நகை கேட்கவில்லை, பாத்திரம் பண்டம் கேட்கவில்லை. விலை போகாமல் பரணில் தூங்கிய அவருடைய கவிதைத் தொகுப்பு 'விடியலின் வாசற்படி'யை மட்டும் மூட்டை மூட்டையாக இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

"என்னை வேண்டாம்னாலும் என் கவிதையை விட முடியலை பாத்தீங்களா?" என்று கவிஞர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. நாளைக்குப் பெண் எழுத்தாளர்கள் மாநாடு, தலைமை அவர்தான். பெண்ணின் பேனாவுக்கு ஆண் தலைவணங்க வேண்டும் என்று உருக்கமாக ஓர் உரை தயார் செய்து, கண்ணாடி முன் பேசிப் பார்த்தும் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்தா வெந்நீர் அடுப்பு வெளியே வர வேண்டும்? அந்தக் கூட்டத்தில் ஒருத்தி படித்தாலும் போதும், ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

காலையிலேயே பதிப்பகத்துக்கு ஓடினார். "மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்" என்றதும் பதிப்பகக்காரம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொத்தமுமா? ஒண்ணையாவது பிரிச்சுப் பாருங்க சார். மனசைத் தொடும்."

"எதுக்கும்மா பிரிக்கணும்? ஏத்துங்க வண்டியில. வேற பிரதி எதுவும் இல்லையே?"

"இந்த ரூம்ல இருக்கறது இவ்வளவுதான் சார்," என்று அவள் கதவை இழுத்துப் பூட்டினாள்.

மண்ணெண்ணெயை ஊற்ற ஊற்ற நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது.

"கிழிச்சுப் போட்டா இன்னும் சீக்கிரம் எரியும்டா."

"கிழிச்சா அவ எழுத்து கண்ணுல படும்க்கா. அப்படியே தள்ளு."

அக்கா ஓர் அடுக்கைத் தூக்கினாள். அதிலிருந்து ராமபாணப் பூச்சி ஒன்று நழுவி அவள் கையில் ஏறியது. "ச்சீ! புதுப் புத்தகத்துல பூச்சியா?" என்று உதறினாள்.

"அவ எழுத்துல வேற என்ன இருக்கும்?" என்றார் கவிஞர். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கடைசிக் கட்டும் சாம்பலான சமயத்தில் பின்கதவு திறந்தது. தோளில் துணிப்பையோடு மனைவி வந்து நின்றாள்.

"வாடியம்மா வா," என்றாள் அக்கா. "முறம் தரட்டுமா? உன் நாவலை அள்ளிக்கிட்டுப் போ."

அவள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாம் எரிஞ்சுபோச்சா?" என்று கவிஞரைக் கேட்டாள்.

"ஒரு பிரதியும் மிச்சமில்லை. சந்தேகம்னா கிளறிப் பாத்துக்க."

"உங்க கையாலயேதான் போட்டீங்களா?"

"பின்னே? இதுக்குக் கூலிக்கு ஆள் வைப்பாங்களா?"

"ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கலை?"

"உன் எழுத்து என் கண்ணுல படக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல? நான் சொன்ன சொல் மாறாதவன்."

"தெரியும். அதை நம்பித்தான் இறங்கினேன்."

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதே அட்டை, அதே படம். அச்சு மையின் புது வாசனை அந்தப் புகையையும் மீறி அடித்தது.

"நாளைக்கு மண்டபத்துல நாற்காலிக்கு ஒண்ணு போட்டாச்சு. மேடையில உங்க நாற்காலியிலயும் ஒண்ணு இருக்கும்."

கவிஞர் கையிலிருந்த கிளறுகோல் சாம்பலில் விழுந்தது. "அப்போ... இவ்வளவு நேரம் நான் எரிச்சது?"

நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"அட்டைதாங்க என்னோடது. உள்ளே பூரா உங்க கவிதை."