ஜெயங்கொண்டத்துக்கு ஒரு பஸ்

கங்கைகொண்ட சோழபுரத்தில், முந்திரிக்கொட்டை காயும் வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பழைய மனுக்களை ஆராயும் ஜெயசுதா, 1976இல் கலெக்டருக்குப் போன ஒரு மனுவின் நகலைப் படிக்கிறார். ஓய்வுபெற்ற நர்ஸ் சிந்தாமணி எதிரில் உட்கார்ந்து அவர் வாசிப்பதைக் கேட்கிறார். "என் மகள் சிந்தாமணி ஏழாவது முடித்துவிட்டாள். ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரமில்லை. தயவுசெய்து காலையில் ஒரு பஸ் விட வேண்டும்." அடியில் கைநாட்டு; பக்கத்தில் அஞ்சலை என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். சிந்தாமணி அம்மாவின் கைநாட்டை எட்டிப் பார்க்கிறார். "கோயிலுக்கு வர்றவங்களுக்காக விட்ட பஸ்ஸுன்னுல்ல நெனச்சிருந்தேன். அதுல போயித்தாங்க படிச்சேன். அம்மா ஒரு வார்த்த சொல்லலீங்களே." ஜெயசுதா காகிதத்தை நீட்டுகிறார். சிந்தாமணி எழுந்துபோய் முகம் கழுவி, ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார்.