கப்பல் விருந்து

1996. குலுக்கலில் விழுந்த சிங்கப்பூர் கப்பல் பயணம். ஆவடியிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றையே இரண்டு நாளும் பரிமாறினாள் நாகம்மாள்.

"கப்பல் சாப்பாடு ஒத்துக்குமோ, இன்னாவோ!"

கணவர் எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. "கப்பல்ல இன்னா துன்னேன்னு ஃபாக்டரில கேப்பானுங்கடி. இன்னிக்கு ராத்திரி ஏதோ விசேஷ விருந்தாம். பேரே தெரியாத ஐட்டமா துன்னப் போறேன்!"

மத்தியானம் பட்டினி கிடந்தார். இரவில் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு, மனைவி, மகள் வனஜாவோடு கம்பீரமாகப் போனார்.

வாசலிலேயே சந்தனம் கொடுத்தார்கள். மேசையில் வாழையிலை. "இன்று தமிழ்நாட்டு இரவு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்த வெள்ளைக்காரப் பணியாள், முதல் கரண்டியில் வைத்தது புளிச்சோறு!

வனஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபாக்டரில இன்னான்னுடி சொல்றது?" என்றார் எத்திராஜ்.

நாகம்மாள் ஒரு வாய் தின்று பார்த்தாள்.

"உப்பு கம்மின்னு சொல்லுய்யா."