இரண்டாவது அழுத்தல்

மேசை மேல் இருந்த மவுஸுக்குப் பொறுமை என்பதே கிடையாது. எதைத் தொட்டாலும் பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அசையும். உடனே மவுஸ் வாய்க்கு வந்தபடி திட்டும். கம்ப்யூட்டரோ, "இதோ ஆச்சுடா" என்பதோடு சரி. ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரின் நினைவில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட முடிவு செய்தார். "எல்லாம் போய்விடும். நிச்சயமா?" என்று திரையில் கேட்டது கம்ப்யூட்டர். அவர் விரல் தயங்கியது. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று மவுஸுக்குப் பதைப்பு. விரல் லேசாகப் பட்டதுதான் தாமதம், மவுஸ் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டது.

மறுபடி விழித்த கம்ப்யூட்டர் காற்றாய்ப் பறந்தது. மவுஸ் குஷியாக ஒரு பக்கத்தை மூடியது. பின்னாலிருந்த பக்கமும் சேர்ந்து மூடிக்கொண்டது.

"ஏங்க, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அழுத்துறீங்களே. பட்டன் தேஞ்சிருக்கு போல" என்றது கம்ப்யூட்டர்.

"எனக்கா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்!"

பக்கத்திலிருந்த கீபோர்டு மெல்லச் சொன்னது: "நீ தேஞ்சு எவ்வளவோ நாளாச்சு. உன் ரெண்டாவது அழுத்தலை அவன்தான் காதுல வாங்காத மாதிரி விட்டுட்டு இருந்தான். ஒவ்வொரு தடவையும் நின்னு பார்த்துட்டுத்தான் வேலை செய்வான். அந்தத் தாமதத்துக்குத்தான் நீ திட்டினே. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டான்."

மவுஸ் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்து, "என்னை மன்னிச்சிருடா" என்றது.

"அட, எதுக்குங்க?" என்று சிரித்தது கம்ப்யூட்டர். "நாம இப்பத்தானே பழகவே ஆரம்பிச்சிருக்கோம்."