தலைவருடைய நம்பர்

சிவபாலன் கையைத் தறியில் வைத்துவிட்டு, காதை மட்டும் ஜன்னலில் கிடந்த போனுக்குக் கொடுத்திருந்தார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மணிக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுவுக்குத் தலைவர் அவருடைய மனைவி கமலாட்சி. படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவராக வேண்டும் என்று விதி இருந்தது. இல்லாவிட்டால் முசரவாக்கத்தில் அந்த நாற்காலி ஓர் ஆம்பிளையைத் தாண்டி வந்திருக்காது.

விதி போட்டவர்கள் போன் நம்பரைப் பற்றி யோசிக்கவில்லை.

படிவத்தில் தலைவரின் கைபேசி எண் கேட்டார்கள். கமலாட்சியிடம் தனியாக ஒரு போன் இருந்தது. ஆனாலும் சிவபாலன் தன் நம்பரைத்தான் எழுதினார். கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான்.

அதிலிருந்து குழு எந்தத் தீர்மானம் போட்டாலும், அதைச் செயலியில் ஏற்றுவதற்கான ஓடிபி நேராகத் தறிக்கு வந்து சேர்ந்தது. குடிதண்ணீர்க் குழாய்க்கு உடனே கொடுத்தார். கழிப்பறைக்கு ஒரு நாள் இழுத்தடித்துக் கொடுத்தார். போன மாதம் வேனுக்குக் கேட்டபோது போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்குப் பெரிய காஞ்சிபுரம் போக வேண்டும். பஸ் கூட்டத்தில் பெண் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பதுதான் சிவபாலன் சொல்லிவந்த காரணம். வேன் வந்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடும்.

உண்மையான காரணம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது. மகள் அகிலா. நேற்றுதான் எட்டாவது பரீட்சை முடிந்தது.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அகிலாவின் கைவாகு தெருவில் யாருக்கும் கிடையாது. அவளோடு பேசிக்கொண்டே நெய்வது அவருக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

தீர்மானம் ஏற்ற இன்று ஐந்து மணியோடு கடைசி. கமலாட்சி ஒரு வார்த்தை சண்டை போடாமல் கிளம்பிப் போயிருந்தாள். அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டரைக்குப் போன் சத்தம் கொடுத்தது.

"அப்பா, ஓடிபி வந்திருக்குது" என்றாள் அகிலா. அவள் சொல்லி முடிப்பதற்குள் கமலாட்சியே கூப்பிட்டாள். அகிலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேனுக்குன்னா குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"சத்தியமா இது வேனுக்கு இல்லீங்க. டீச்சரையே கேளுங்க."

தலைமை ஆசிரியை ஷாஹீன் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். "வேனுக்கு இல்லைங்க, இது வேற" என்று அவர் குரலும் கேட்டது.

"சரி, அந்த நம்பரைப் படிச்சு சொல்லும்மா" என்றார் சிவபாலன், பெரிய மனசோடு.

அகிலா ஆறு எண்களையும் திக்காமல் சொன்னாள். சற்று நேரத்தில் இன்னொரு மெசேஜ் வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்து வரப்போவதுதான் வேன். சிவபாலன் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை சிக்னல் இல்லை என்று சொல்வதாக முடிவு செய்திருந்தார்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. நிஜமாகவே சிக்னல் இல்லையோ என்று எடுத்துப் பார்த்தார். இருந்தது.

நாலு மணிக்கு அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவனிடம் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டார்களோ? அகிலா தலையைக் குனிந்தபடி நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். போன வருஷம் எட்டாவது முடித்த ஏழு பெண்களும் இப்படித்தான் ஏழு வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாவமாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டால் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டார்.

நாலரைக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பஞ்சாட்சரம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சிவபாலா, வேன் தீர்மானம் ஏறிடுச்சாமே! என் பொண்ணு பேரும் போட்டிருக்காங்களாம்பா!"

"அது எப்படிப்பா ஏறும்? ஓடிபி என்கிட்டதான வரணும்?"

சிவபாலன் போனைத் தூக்கிக் காட்டினார். புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டரைக்கு வந்த அந்த இரண்டு மெசேஜ்தான், இங்கிலீஷில். அவருக்கு அதில் எண் மட்டும்தான் படிக்க வரும். மகளிடம் நீட்டினார்.

அகிலா இந்த முறை முழுசாகப் படித்தாள்.

"மொதல்ல வந்தது, தலைவரோட நம்பரை மாத்தறதுக்கு. ரெண்டாவது, மாத்தியாச்சு, இனிமே எல்லாம் அம்மா போனுக்குத்தான் போகும்னு போட்டிருக்குது."

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"நீங்க நம்பரைத்தானப்பா படிக்கச் சொன்னீங்க."

பஞ்சாட்சரம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிவபாலன் கோபப்பட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை.

இவளை வீட்டோடு வைத்திருந்தால் வருஷம் திரும்புவதற்குள் இந்தத் தறியையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்வாள் என்று தோன்றியது.

"வேன் எத்தினி மணிக்கு வருமாம்?" என்று கேட்டார்.