மாற்றாத ஒன்று

கல்யாண வீடியோக்களைச் சீக்கிரம் முடித்துத் தள்ளலாம் என்று ஜெபக்குமார் தன் கணினியின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டி ஓவர்கிளாக் செய்தான். அன்றிலிருந்து அது நினைத்த நேரத்தில் அணைந்தது. வேகத்தைப் பழையபடி குறைத்தும் தீரவில்லை. ரேமைச் சோதித்தால் திரையில் பிழை பிழையென்று சிவப்பு வரிகள் கொட்டின. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் கோளாறைப் பிடிக்க வேண்டும். ரேமை மாற்றினான், மதர்போர்டை மாற்றினான், கடைசியில் சுவரிலிருந்த பிளக்கைக்கூட மாற்றிவிட்டான். சிவப்பு நிற்கவில்லை. தொட்டிலில் குழந்தை வேறு இருமிக்கொண்டே இருந்தது.

சலித்துப்போய் முகம் கழுவப் போனவனை மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டாள். “ஏங்க, செவப்பு நின்னுட்டு!”

ஓடி வந்தான். அறைக்குள் கால் வைத்ததும் வரிகள் மறுபடி கொட்டின. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சும்மா ஒருக்க வெளிய போய் நில்லுங்க பாப்போம்,” என்றாள், சிரிக்க முயன்றபடி.

வாசலில் இறங்கி நின்று ஜன்னல் வழியே பார்த்தான். திரையில் சிவப்பு இல்லை. வாங்கிய நாள் முதல் கிரீச்சிட்ட மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. குழந்தை இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போகுமுன் அவள் வீட்டார் அனுப்பிய புகைப்படத்தில் மட்டுமே அவன் கண்டிருந்த ஒரு தெளிவு ஸ்டெல்லாவின் முகத்தில் வந்திருந்தது.

“உள்ள வரட்டுமா?” என்று கேட்டான்.

அவள் திரையைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்,” என்றாள்.